ஆழத்திற்குத் திரும்பக் கொண்டுபோங்கள்



சுவிசேஷங்களிலே மீன் பிடிக்கிற சம்பவங்கள் பல உண்டு. எல்லாம் வலை. தூண்டில் வருகிறது ஒரே ஒரு இடத்தில்தான். மத்தேயு 17-ம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடுத்துப் பாருங்கள். கப்பர்நகூமில் ஆலய வரி கேட்டு வந்து நிற்கிறார்கள். ஆண்டவர் பேதுருவைக் கடலுக்கு அனுப்பி, தூண்டில் போட்டு, முதலாவது வருகிற மீனின் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுகிறார். இந்தப் பகுதியில் பிரசங்கிக்கிறவர்கள் அநேகமாய் அந்த வெள்ளிக்காசோடு நின்றுவிடுவார்கள். காசு எடுத்தபிறகு அந்த மீன் என்ன ஆயிற்று? ஒருவரும் கேட்பதில்லை.

வலையில் வருகிற மீன் கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு கொட்டப்படும். தூண்டிலில் வருகிற மீனோ ஒன்றாய், தனியாய், பிடித்தவனுடைய கைக்கே வருகிறது. அவன் அதைத் தொடாமல் தப்பவே முடியாது. அதின் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். கன்வென்ஷன் கூட்டங்களில் ஆயிரம் பேர் கை உயர்த்துவது வலை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிப்பேசி ஒருவரை அழைத்து வருகிறீர்களே, அது தூண்டில். இந்த இதழில் நான் எழுதப்போகிறது தூண்டிலைப் பற்றி. அதிலும், பிடித்தபிறகு என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி.

2023 ஜூன் மாதத்தில் நம் சபையின் சகோதரர்கள் ஐந்து பேரோடு நானும் புளோரிடாவிலுள்ள டெஸ்டின் என்கிற ஊருக்குப் போய், வாடகைப் படகில் ஆழ்கடல் அடிமீன் பிடித்துவந்தோம். அட்லாண்டாவிலிருந்து காரில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். நான் மதுரைக்காரன். கடலுக்கும் எனக்கும் உள்ள உறவு மீன்கடை வரைக்கும்தான். ஆனாலும் கூட வந்த தூத்துக்குடி அண்ணாச்சி, "பாஸ்டர், நீங்க மீன் பிடிக்கிறவங்களைப் பத்தி இருபது வருஷமா பிரசங்கம் பண்ணுறீங்க, ஒரு தரம் வந்து பாருங்களேன்" என்றார். அதற்குமேல் என்ன சொல்ல?

அப்படிப்பட்ட சின்னப் படகுகளில் பயணிகள் ஆறு பேர்தான் ஏறலாம். அரசாங்க உரிமம் பெற்ற ஒரு கேப்டன், அவருக்கு உதவியாய் ஒரு வாலிபன். கம்பு, ரீல், முள், ஈயக்குண்டு, இரை எல்லாம் அவர்களே தருகிறார்கள். நமக்குத் தனியாய் மீன்பிடி லைசென்ஸ் வேண்டியதில்லை, படகின் லைசென்ஸுக்குள் நாமும் அடக்கம். (உதவியாளனுக்கு இறங்கும்போது அன்பளிப்பு கொடுப்பது அங்கே வழக்கம், நூற்றுக்குப் பதினைந்து இருபது வீதம். விசுவாசிகள் இதில் கஞ்சத்தனம் பண்ணி ஆண்டவருடைய நாமத்துக்கு அவமானம் கொண்டுவராதிருப்பார்களாக.) படகாட்டத்துக்கான மாத்திரையை முந்தின இரவே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்தபிறகு போட்டால் பிரயோஜனம் இல்லை என்பதற்கு நம் பொருளாளர் சாட்சி.

விடியுமுன்னே புறப்பட்டு, பாலத்துக்கு அடியில் கால்வாயைத் தாண்டி, திறந்த கடலில் ஒன்றரை மணி நேரம் ஓடினோம். ஓரிடத்தில் கேப்டன் வேகத்தைக் குறைத்தார். சுற்றிலும் பார்த்தேன். ஒரு மிதவை இல்லை, ஒரு பறவை இல்லை, வெறும் தண்ணீர். அவரோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியை அடிக்கு அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியை வைத்து ஆழத்தைக் காட்டுகிற கருவி. அந்தக் கடலின் அடி பெரும்பாலும் வெறும் மணல். ஆகவே எங்கே ஒரு பாறையோ, மூழ்கிய கப்பலோ, வேண்டுமென்றே இறக்கிய கான்கிரீட் குவியலோ இருக்கிறதோ அங்கேதான் மீன் குடியிருக்கும். அங்கிருந்து மேற்கே பென்சகோலாவுக்கு அப்பால் ஒரிஸ்கானி என்கிற விமானந்தாங்கிப் போர்க்கப்பலையே 2006-ல் மூழ்கடித்து மீன்களுக்கு வீடாக்கியிருக்கிறார்கள். கொரியா, வியட்நாம் யுத்தங்களில் குண்டு சுமந்த கப்பல்! பட்டயங்கள் மண்வெட்டிகளாவதை ஏசாயா சொன்னார். இப்படியும் ஒரு விதம் உண்டு போலும்.

நாங்கள் நின்ற இடத்தில் ஆழம் 130 அடி. கலிலேயாக் கடலின் மிக ஆழமான இடமும் ஏறக்குறைய 140 அடிதான் என்று பின்பு வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பேதுருவுக்குத் தெரிந்த ஆழம் அது.

உதவியாளன் சொல்லிக்கொடுத்தது இவ்வளவே. கணவாய்த் துண்டை முள்ளில் மாட்டு. கட்டைவிரலால் சுருளை லேசாய் அமுக்கிக்கொண்டு ஈயத்தை இறக்கு. ஈயம் தரையைத் தொடுவது கையிலே தெரியும். உடனே இரண்டு மூன்று சுற்று மேலே சுற்று, இல்லாவிட்டால் பாறையில் மாட்டிக்கொள்ளும். பிறகு பொறுமையாயிரு. மீன் கடித்தால் சுண்டி இழுக்காதே!

இந்தக் கடைசி வார்த்தை எங்களில் ஒருவருக்கும் ஏறவில்லை. கடித்த மாத்திரத்தில் ஆறு பேரும் கம்பைப் பலமாய்ச் சுண்டுகிறோம், மீன் போய்விடுகிறது, இரையும் போய்விடுகிறது. அந்த வாலிபன் சிரித்தான். அங்கே போடுகிறது வட்ட முள். சாதாரண முள்ளைப்போல நேராய் நிற்காமல் நுனி உள்பக்கமாய் வளைந்திருக்கும். மீன் இரையை எடுத்துக்கொண்டு திரும்பட்டும் என்று விட்டு, நிதானமாய்ச் சுற்றிக்கொண்டே வந்தால், முள் தானாய் வாயின் ஓரத்தில் மாட்டும். வயிற்றுக்குள் போகாது, குடலைக் கிழிக்காது. இயற்கை இரையால் பாறைமீன் பிடிக்கிறவர்கள் இந்த முள்ளைத்தான் போடவேண்டும் என்று வளைகுடாவிலே 2008-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆத்தும ஆதாயம் செய்கிற தேவபிள்ளையே, ஒருவர் ஒருநாள் நம் ஆராதனையில் வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டால், அன்றைக்கே ஞானஸ்நானத் தேதி குறிக்கிறாயே!

சரி, மீன் வந்தது. சிவப்பு சிவப்பாய். நம்முடைய சங்கரா மீனின் இனம், அங்கே ரெட் ஸ்னாப்பர் என்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒருவருக்கு இரண்டுதான் எடுக்கலாம், அதுவும் 16 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். மற்றதைத் திரும்ப விட்டுவிட வேண்டும். எனக்கு வந்த முதல் மீன் 13 அங்குலம். "சரி தம்பி, தண்ணீரில் போடு, பிழைத்துப் போகட்டும்" என்றேன்.

உதவியாளன் போடவில்லை. மீனை என் முகத்துக்கு நேராய்ப் பிடித்துக் காட்டினான். கண்கள் வெளியே பிதுங்கியிருந்தன. வாயிலிருந்து இளஞ்சிவப்பாய் ஒரு பை பலூனைப்போல் தள்ளிக்கொண்டு நின்றது. வயிறு விறைத்திருந்தது. முள் குத்தியது வாயோரத்தில் ஒரு சின்னக் காயம். இத்தனையும் முள் செய்ததல்ல, மேலே வந்தது செய்தது.

பிரியமானவர்களே, இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். கடலில் ஒவ்வொரு 33 அடிக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒரு மடங்கு என்றால் 132 அடியில் ஐந்து மடங்கு. இந்த வகை மீனுக்குள்ளே காற்றுப்பை ஒன்று உண்டு, அதை வைத்துத்தான் அது அந்தரத்தில் நிற்கிறது. அந்தப் பையிலிருந்து தொண்டைக்கு வழி கிடையாது. ஏப்பம்போலக் காற்றை வெளியே விட அதற்குத் தெரியாது. இரத்தத்தின் வழியாய் மெதுவாய், மெதுவாய்த்தான் குறைக்க முடியும். நாமோ ஒரு நிமிஷத்தில் சுற்றி மேலே கொண்டுவந்து விடுகிறோம். கீழே ஒரு பங்காய் இருந்த காற்று மேலே ஐந்து பங்காகிறது. உள்ளுக்குள்ளேயே வீங்கி, வயிற்றை வாய் வழியாய் வெளியே தள்ளுகிறது. இந்த நிலையில் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? கீழே போகப் பிரயாசப்படும், முடியாது. வயிறு மேலாய் மிதக்கும். கடற்பறவை கொத்தும், டால்பின் வந்து கவ்விக்கொண்டு போகும். டால்பின்கள் இந்தப் படகுகளின் பின்னாலேயே வருகின்றன, அவைகளுக்கு இது பழக்கமாகிவிட்டது.

"கடலில்தானே போட்டோம்!" என்கிறோம். கடலில்தான். ஆனால் அதினுடைய கடல் 130 அடிக்குக் கீழே இருக்கிறது.

அந்த வாயில் தொங்குகிற பையைக் காற்றுப்பை என்று நினைத்து, இரக்கப்பட்டு, ஊசியால் குத்தி உடைத்து விடுகிறவர்கள் அநேகர் உண்டாம். அது காற்றுப்பை அல்ல, இரைப்பை! குத்துகிறவன் நல்ல எண்ணத்தோடுதான் குத்துகிறான். குத்தவேண்டிய இடம் வேறே, விலாப்பக்கத்தில் செட்டைக்குப் பின்னாலே, அதற்கென்று உள்ள வெற்றூசியால். 2008 முதல் 2013 வரை வளைகுடாவில் பாறைமீன் பிடிக்கிற படகுகளில் அந்த ஊசி கட்டாயமாயிருந்தது. பின்பு எடுத்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் வேறொரு சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி நாங்கள் போன வருஷத்தில் ஊசியோ, அல்லது மீனைக் கீழே இறக்குகிற கருவியோ, ஏதாவது ஒன்று கைக்கெட்டுகிற தூரத்தில் ஆயத்தமாயிருக்க வேண்டும். பெட்டிக்குள்ளே பூட்டி வைத்திருந்தால் போதாது. எங்கள் படகில் இருந்தது இறக்குகிற கருவி.

அது பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. ஒரு கிடுக்கி, அதன் கீழே கனமான ஈயம். கிடுக்கி மீனின் கீழ் உதட்டை மெதுவாய்க் கவ்வுகிறது. எத்தனை அடியில் திறக்கவேண்டும் என்று முன்பே திருகி வைக்கலாம். ஈயத்தின் கனம் மீனைக் கீழே கொண்டுபோகிறது. போகப்போகத் தண்ணீரின் அழுத்தம் கூடிக்கூடி, வீங்கினது சுருங்கி, பிதுங்கினது உள்ளே போகிறது. குறித்த ஆழம் வந்ததும் அந்த அழுத்தமே கிடுக்கியைத் திறந்துவிடுகிறது. மீன் தன் வழியே போகிறது. மேலே நிற்கிற நமக்கு ஒன்றும் தெரியாது. கயிற்றில் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். சுற்றி எடுத்தால் வெறும் கருவி வருகிறது.

அந்தச் செவ்வண்ண மீன் ஐம்பது வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கக் கூடியதாம். காதுக்குள் இருக்கிற கல்போன்ற எலும்பை அறுத்து, மரத்துக்கு எண்ணுவதுபோல வளையம் எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் அசட்டையாய் "போடு" என்று சொன்ன அந்த 13 அங்குலக் குஞ்சுக்கு முன்னாலே எத்தனை வருஷம் இருந்தது, பாருங்கள்.

ஆழம் என்றாலே பாவச்சேறு, உளையான சேறு என்று பாடிப் பழகிவிட்டோம். வேதத்தில் ஆழம் அது மட்டுமா? கிறிஸ்துவின் அன்புக்கும் ஆழம் உண்டு என்று எபேசியர் 3-ம் அதிகாரம் சொல்லுகிறது. ஒருவன் ஆண்டவரோடு தனியே இருக்கிற இடம், ஒருவரும் கைதட்டாத இடம், தன் அளவுக்குத் தக்க அழுத்தம் தன்னைத் தாங்குகிற இடம், அதுவும் ஆழம்தான். நம்முடைய சபைகளில் நாம் ஒரு ஆளைப் பிடித்தவுடனே எங்கே கொண்டுவருகிறோம்? மேலே. மேடைக்கு.

ஒரு தம்பியைப் பற்றி எழுதுகிறேன். வேறொரு மாநிலத்தில், வேறொரு ஐக்கியத்தில் நடந்தது. ஊர் பேர் வேண்டாம். வேலைக்காகத் தனியாய் வந்த பிள்ளை, குடிப்பழக்கம். ஒருநாள் ஆண்டவர் அவரைச் சந்தித்தார். அது உண்மையான சந்திப்பு, நான் அதைச் சந்தேகிக்கவில்லை. ஏழாவது வாரம் மேடையில் சாட்சி. நல்ல குரல் இருந்ததால் பத்தாவது வாரம் ஆராதனை நடத்தச் சொன்னார்கள். வீடியோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார்கள், அது அவருடைய சொந்த ஊர் வரைக்கும் போயிற்று. "எங்க புள்ள ஊழியக்காரன் ஆயிட்டான்" என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னார்களாம். எட்டாம் மாதம் வேலை போயிற்று, பாட்டில் திரும்பி வந்தது. யாரோ கண்டார்கள். அதே வாட்ஸ்ஆப் குழுவில் அதுவும் போயிற்று. அடுத்த ஞாயிறு அவரை மைக்கிலிருந்து மட்டுமல்ல, குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். "வாசல் திறந்துதானே இருக்கு, அவர்தான் வரல" என்று சொன்னார்களாம்.

கடலில்தானே போட்டோம்!

சபை ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடித்துக்கொண்டே ஆராதனை நடத்தலாமா? கூடாது. 13 அங்குல மீனைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாமா? சட்டம் விடாது. திரும்ப விடத்தான் வேண்டும். விடுகிற விதம்தான் கேள்வி. கலாத்தியர் 6-ம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் தவறினவனைச் சாந்தமாய்ச் சீர்ப்படுத்தச் சொல்லுகிற பவுல், கிரேக்கத்தில் கட்டார்டிசோ என்கிற வார்த்தையைப் போடுகிறார். மத்தேயு 4-ல் யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்தார்களே, அங்கேயும் இதே வார்த்தைதான். வலை பழுதுபார்க்கிறது அவசரத்தில் செய்கிற வேலை அல்ல. உட்காரவேண்டும். மடியில் போட்டுக்கொள்ளவேண்டும்.

தூக்குவதானாலும் எப்படித் தூக்குவது? எரேமியா 38-ல் எபெத்மெலேக்கு என்கிற எத்தியோப்பியன் அரண்மனைக்குப் போய்ப் பழைய கந்தைகளைப் பொறுக்கி எடுத்து, கயிறு அக்குளில் அறுக்காதபடிக்கு அவைகளை வைத்துக்கொள்ளச் சொல்லி, தீர்க்கதரிசியைத் துரவிலிருந்து தூக்குகிறான். அவசரமான வேலை, உயிர் போகிற வேலை, ஆனாலும் கந்தை தேட நேரம் எடுத்தான். இறக்குவது எப்படி? தமஸ்குவிலே சவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கினார்கள். மேலிருந்து யாரோ கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அவர்கள் பேர்கூட எழுதப்படவில்லை. அரபியா, பிறகு தர்சு என்று வருஷங்கள் ஓடினபின்புதான் பர்னபா அவரைத் தேடிப்போய் அந்தியோகியாவுக்கு அழைத்து வருகிறார். மேலே வருவதற்கு இத்தனை நிறுத்தங்கள்! முத்துக்குளிக்கிறதல்ல, காற்றுச் சிலிண்டரோடு வெகு ஆழத்தில் வேலை செய்கிற முக்குளிப்பவர்களும் இப்படித்தான், இடையிடையே நின்று நின்றுதான் மேலே வருகிறார்கள். நேரே வந்தால் இரத்தத்தில் குமிழி உண்டாகி முடமாவார்கள்.

அந்தத் தம்பி இப்போது நம் ஊருக்குக் குடிவந்திருக்கிறார். சில வாரங்களாய் நம்முடைய ஆராதனைக்கு வந்து, ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்னே எழுந்து போய்விடுகிறார். இரண்டு விதமாய் என்னிடம் பேசினார்கள். ஒரு சகோதரி, "பாஸ்டர், அவருக்கு அருமையான குரல், நம்ம பாடகர் குழுவுல சேத்துக்கலாமே, உற்சாகமா இருக்கும்" என்றார்கள். இன்னொருவர் மெதுவாய், "அந்த வீடியோவுல வந்த ஆள்தானே இவரு?" என்றார். முதலாவது சுண்டி இழுக்கிறது. இரண்டாவது ஊசி, அதுவும் இரைப்பையில்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். மற்றது இருக்கட்டும் என்றார்.

ஆகையால் சபையாருக்கு நான் கேட்டுக்கொள்ளுகிறது: இந்த வருஷம் அவரை ஒருவரும் பாடச் சொல்லவேண்டாம், சாட்சி சொல்லச் சொல்லவேண்டாம், போட்டோ எடுக்கவேண்டாம். வாசலில் மடக்கி ஜெபிக்கவும் வேண்டாம். குடியிலிருந்து விடுபட அவர் போகிற வைத்தியரிடம் தொடர்ந்து போகட்டும், அதை அவிசுவாசம் என்று யாரும் சொல்லக்கூடாது. தூத்துக்குடி அண்ணாச்சியும் பொருளாளரும் வியாழக்கிழமைதோறும் இரவு ஏழு மணிக்கு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்கள். நானும் வேலை முடிந்து எட்டு மணிக்குமேல் வந்து சேருவேன். வேதபாடம் ஒன்றும் கிடையாது, அவர் கேட்டால் ஒழிய. சகோதரிகளில் யாராவது ரசமும் ஒரு கூட்டும் செய்து புதன்கிழமைக்குள் என் மனைவியிடம் கொடுத்தால் உதவியாயிருக்கும். மீன் வேண்டாம், அவருக்கு ஒத்துக்கொள்ளாது.